பொட்டு வைக்கும் முன் ஒரு நிமிடம்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு புதிய கேமரா வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் கவிதா, எங்கள் திருமண நாளுக்கென்று வாங்கிவந்தாள். அதை யார் பக்கம் திருப்பினாலும், பின்னாலிருக்கும் சின்னத் திரையில் அவர் முகத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் விழுகிறது. ஆள் நகர்ந்தால் கட்டமும் கூடவே நகர்கிறது. என் மனைவி சரோஜா சோபாவில் உட்கார்ந்தபடி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, அது தன்னை விடாமல் பின்தொடர்கிறதா என்று சோதித்துப் பார்த்தாள்.

“இது என்னட்டி மஞ்சக் கட்டம்?” என்று கேட்டாள் என் தங்கை பாக்கியம். ஏழு வருடங்களாக அவள் எங்களோடுதான் இருக்கிறாள்.

“முகம் எங்க இருக்குன்னு அதுவே கண்டுபிடிக்குது அத்தை.”

“முகம் மட்டுந்தானா? ஆம்பளையா பொம்பளையான்னும் சொல்லுமா?”

கவிதா சிரிக்கத் தொடங்கினாள். சரோஜா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தமிழ் தெரியாத மருமகன், “க்யா ஹுவா?” என்று, என்ன ஆயிற்றென்று புரியாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கவிதா இந்தியில் சொல்ல ஆரம்பித்து, இரண்டு வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டு, “லம்பீ கஹானி ஹை” என்று முடித்துக்கொண்டாள்.

நீண்ட கதைதான். மருமகனுக்கு அவள் பிறகு சொன்னாளா என்று தெரியாது. ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன். தேதிகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். பழைய டைரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

2

நான் மத்திய அரசுக் கணக்கு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றலாகிப் புனே வந்தது 1991-இல். இரண்டு மூன்று வருடத்தில் திருநெல்வேலிப் பக்கம் திரும்பிவிடலாம் என்றிருந்தேன். 1999-இல் இங்கே கோந்த்வாப் பகுதியில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு வாங்கியதும் அந்தப் பேச்சு தானாகவே நின்றுபோனது. அப்போது எங்கள் கட்டடத்தைச் சுற்றிப் பாதி மனைகள் காலியாகக் கிடந்தன. இப்போது பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் தொடர் தெரிகிறது.

கவிதா வளர்ந்ததெல்லாம் இங்கேதான். நாங்கள் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் சொல்வாள். ஆனால் கடினமான எதையும் சொல்ல வேண்டி வந்தால் வாக்கியத்தின் நடுவில் இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழ் எழுத்துக்களைக் கூட்டித்தான் படிப்பாள். நான் இப்படி எழுதும் குறிப்புகளை அவள் படித்ததில்லை. எப்போதாவது, “அப்பா, படிச்சுக் காட்டுங்களேன்” என்பாள். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் செல்போன் அடிக்கும்.

2002 ஜூனில் பாக்கியம் வந்தாள். கோவில்பட்டியில் மின்வாரியத்தில் வேலை பார்த்த அவள் கணவர் அந்த மார்ச் மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். குழந்தைகள் இல்லை. “கொஞ்ச நாள் எங்ககூட வந்து இரு” என்று அழைத்துவந்தோம். பொட்டு வைக்காதே என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவளாகவே விட்டுவிட்டாள். வந்த முதல் வாரம் சரோஜா, “ஸ்டிக்கர் பொட்டாவது வையேன். இங்கன யாரு கேக்கப் போறா?” என்றாள். “வேண்டாம் மதினி” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது குடும்ப ஓய்வூதியம். கோவில்பட்டி அலுவலகம் ஒரு சான்றிதழ் கேட்கும். அதை அனுப்பினால் புனே வங்கிக் கிளையின் கடிதம் வேண்டும் என்று திரும்பி வரும். வங்கிக்காரர் மராத்தியில் எதையோ சொல்லி இன்னொரு மேசைக்கு அனுப்புவார். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டிய பிறகும் பாரத்தில் ஒரு சதுரம் காலியாகவே இருந்தது. அது புகைப்படம் ஒட்டும் இடம். பாக்கியம் புகைப்படம் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றாள்.

ஸ்டூடியோ எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. “ரெண்டு நிமிஷ வேலைதான்” என்று நானும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

“கண்ணாடியில பாத்தாலே வேற யாரோ நிக்க மாதிரி இருக்கு அண்ணே. அத போட்டோ வேற பிடிச்சு ஒட்டணுமாக்கும்?” என்பாள். அதற்கு மேல் வற்புறுத்த முடியாது.

அவளுக்கென்று ஒரு வருமானம் வேண்டும். அண்ணன் வீட்டில் கையை எதிர்பார்த்து நிற்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு வந்துவிடக் கூடாது. எனக்கு அந்தக் கவலை. அவளுக்கும் அது உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சதுரம் காலியாகவே இருந்தது.

3

கவிதா ஆகுர்டிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். 2003 ஜூலையில் கடைசி வருடம் தொடங்கியது. அவளும், எங்கள் குடியிருப்பிலேயே பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் ஸ்வாதி என்ற மராத்திப் பெண்ணும் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். கையெழுத்தில் உள்ள எண்களைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண்பதை முந்தைய வருட மாணவர்கள் செய்துவிட்டார்கள். இவர்கள் முகத்தை எடுத்துக்கொண்டார்கள். படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று இயந்திரம் சொல்ல வேண்டும். அதற்கு அவர்கள் பிடித்த வழிக்குக் கன்வல்யூஷனல் நியூரல் நெட்வொர்க் என்று பெயர். நான் அதை நரம்பு வலை என்றே எழுதுகிறேன்.

எனக்கு எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வது பிடிக்காது. ஒரு மாலை அவள் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “எனக்கும் சொல்லிக்கொடு” என்றேன்.

“அப்பா, அது… மதலப், அதாவது ஒரு சின்ன ஜன்னல் மாதிரி. படத்து மேல அது நகந்து போகும். ஒவ்வொரு இடத்துலயும் ஒரே கேள்விதான் கேக்கும். இங்க ஒரு கோடு இருக்கா? இங்க இருக்கா? இங்க?”

இதைக் கேட்டதும் எனக்கு என் அலுவலக அட்டை நினைவுக்கு வந்தது. பெரிய பதிவேடுகளைத் தணிக்கை செய்யும்போது கண் வரி மாறிப் போகாமலிருக்க, ஒரு தடித்த அட்டையில் சின்னதாகச் செவ்வகம் வெட்டி வைத்திருப்போம். அதைப் பக்கத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போனால், அந்த ஓட்டையில் தெரிவதை மட்டும் பார்த்தால் போதும். பக்கம் எவ்வளவு பெரியதானாலும் அட்டை ஒன்றுதான். அதை எடுத்துவந்து அவளிடம் காட்டினேன்.

“எக்ஸாக்ட்லி!” என்று குதித்தாள். “இந்த மாதிரி நெறைய அட்டை. ஒண்ணு படுத்த கோடு தேடும், ஒண்ணு நின்ன கோடு தேடும். எல்லாம் கண்டுபிடிச்சதை எழுதி ஒரு சின்னப் படமா ஆக்கிரும். அந்தச் சின்னப் படத்து மேல இன்னும் கொஞ்சம் அட்டை. அது கோட்டையெல்லாம் சேத்து வளைவு, மூக்கு, கண்ணுன்னு தேடும்.”

“எதைத் தேடணும்னு அட்டைக்கு யார் சொல்றா?”

“யாருமே சொல்றதில்லப்பா. அதுதான் மஜா. மொதல்ல எல்லா அட்டையும் சும்மா கன்னாபின்னான்னு பாக்கும். படம் காட்டுவோம், தப்பாச் சொல்லும். தப்பு எவ்வளவோ அந்த அளவுக்கு எல்லா அட்டையையும் கொஞ்சூண்டு திருத்துவோம். திரும்பக் காட்டுவோம். திரும்பத் தப்பு. திரும்பத் திருத்து. கொஞ்சம் கொஞ்சமா அதுவே கத்துக்கும்.”

பன்னிரண்டு வருடமாக அவளோடு இவ்வளவு நேரம் தமிழில் பேசியதில்லை என்று அன்றைய டைரியில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம்.

பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அப்பம் நம்ம காட்டுத படத்தத் தவிர அதுக்கு வேற ஒண்ணுமே தெரியாது?” என்று கேட்டாள்.

“தெரியாது அத்தை.”

“பாவம்” என்றாள்.

4

படங்கள் சேர்க்க வேண்டும் என்றால் நிறையப் பேர் ஓரிடத்தில் கூட வேண்டும். 2004 ஜனவரியில் அதற்கு வழி பிறந்தது. பொங்கலன்று எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தில் விழா. ஸ்வாதி தன் அண்ணனிடம் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கிவந்தாள். விழாவுக்கு வந்த ஆண்களையெல்லாம் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார்கள். சிலர் நெற்றியில் திருநீறு, மற்றவர்கள் நெற்றியில் ஒன்றுமில்லை. கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த மென்பொருள் இளைஞர்கள் முதல் முறை சிரித்ததால் மறுமுறை எடுக்க வேண்டியிருந்தது. ஸ்வாதி என்னைப் பார்த்து, “அங்கிள், ஹலு நகா!” என்று அதட்டினாள். அசையாதீர்கள் என்று அர்த்தம்.

பெண்களின் படத்துக்கு ஸ்வாதியின் அம்மா யோசனை சொன்னார். நாங்கள் எல்லோரும் அவரைக் காகூ என்றுதான் கூப்பிடுவோம், சித்தி என்பதுபோல. சங்கராந்திக்குப் பிறகு மராத்திப் பெண்கள் வீட்டுக்கு வீடு அழைத்து மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டை கொடுப்பார்கள். ஹள்தி குங்கூ என்று பெயர். காகூ வீட்டில் அது நடக்கும் நாளில் குடியிருப்பின் பெண்கள் எல்லோரும் வருவார்கள். ஒருவர் விடாமல் எடுத்துவிடலாம்.

அப்படியே எடுத்தார்கள். சரோஜா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். வாசலிலேயே காகூ ஒவ்வொருவர் நெற்றியிலும் தாராளமாகக் குங்குமம் வைக்க, அடுத்த அடியில் கவிதா படம் எடுத்தாள். கல்லூரிப் பெண்கள் நெற்றியிலும் குங்குமம் வைத்துத்தான் உள்ளே விட்டார்கள்.

அந்த விசேஷத்துக்குக் கணவர் இருக்கும் பெண்களையும் கன்னிப் பெண்களையும் அழைப்பதுதான் வழக்கம். பாக்கியம் வீட்டில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சரோஜா கொண்டுவந்த எள்ளுருண்டையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, “வெல்லம் நல்ல வெல்லம்” என்றாள்.

படங்களைத் தலைமுடி தெரியாதபடி நெற்றியிலிருந்து முகவாய் வரை வெட்டி, நிறத்தை எடுத்துவிட்டு, தபால்தலை அளவுக்குச் சுருக்கினார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் நாள்கணக்கில் ஓடியது. வியாழக்கிழமைகளில் பராமரிப்புக்கென்று மின்சாரத்தை நிறுத்துவார்கள். முதல் வியாழக்கிழமை அது கற்றது முழுவதும் போய்விட்டது. கவிதா அழாத குறை. அதன்பிறகு ஒவ்வொரு சுற்று முடிந்ததும் சேமித்து வைக்கும்படி எழுதினாள்.

பிப்ரவரி பாதியிலேயே வலை தேறிவிட்டது. கற்பிக்கும்போது காட்டாமல் ஒளித்து வைத்திருந்த படங்களைக் காட்டினால்கூட அநேகமாக எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னது. கல்லூரியில் வழிகாட்டும் பேராசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அறிக்கையைச் சமர்ப்பிக்க மார்ச் மாதக் கடைசி வரை நேரம் இருந்தது.

5

“முழுக்கப் புது ஆள் ஒருத்தரைக் காட்டிப் பாக்கணும்” என்று கவிதா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை பாக்கியத்தின் மேல் நின்றது.

நான் பாக்கியம் மறுத்துவிடுவாள் என்றே நினைத்தேன். “மாட்டி வைக்க போட்டோ இல்லை அத்தை. தபால்தலை அளவுதான். மிஷின் மட்டுந்தான் பாக்கும்” என்று கவிதா கெஞ்சினாள். பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் வந்து நின்றாள். இரண்டு வருடத்தில் அவள் எடுத்துக்கொண்ட முதல் படம் அது. நான் செய்தித்தாளைப் படிப்பதுபோல வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வூதியப் பாரமும் என் மனத்தில் ஓடியது.

கவிதா பொத்தானை அழுத்தினாள். திரையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் MALE என்று வந்தது.

பாக்கியத்துக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும்.

“ஆம்பளைங்குதா?” என்று சிரித்தாள். “சரி, நாளையிலருந்து காஸ் சிலிண்டர நானே மூணு மாடி தூக்கிட்டு வாரேன்.”

“ஸாரி அத்தை, அது… இன்னும் கச்சாதான் இருக்கு” என்று கவிதா தடுமாறினாள். பாக்கியம் சமையலறைக்குப் போனாள். சற்று நேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதன்பின் இரண்டு வாரம் அவள் கம்ப்யூட்டர் இருக்கும் அறைப்பக்கம் வரவில்லை. நான் பாரத்தின் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் ஸ்வாதி ஜீன்ஸோடு, நெற்றியில் ஒன்றுமில்லாமல் வந்தாள். அவளைக் காட்டினார்கள். அவளும் ஆண்தான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று புரியவும் இல்லை.

“அது எங்க பாத்துச் சொல்லுதுன்னு எப்படிப்பா கண்டுபிடிக்க?” என்று கவிதா என்னிடமே கேட்டாள்.

தணிக்கையில் கூட்டல் இடிக்கும்போது ஒவ்வொரு வரியாக மறைத்துவிட்டுக் கூட்டிப் பார்ப்போம். எதை மறைத்தால் கணக்கு மாறுகிறதோ அங்கே கோளாறு. அதைச் சொன்னேன். சரோஜாவின் படத்தை எடுத்தார்கள். வலை அதற்குச் சரியாகப் பெண் என்று சொல்லியிருந்தது. ஒரு சின்னச் சாம்பல் சதுரத்தால் அவள் கன்னத்தை மறைத்தார்கள். பெண். வாயை மறைத்தார்கள். பெண். ஒரு கண்ணை மறைத்தார்கள். அப்போதும் பெண். புருவங்களுக்கு நடுவில் வைத்தார்கள்.

“அம்மா ஆம்பளை ஆயிட்டா” என்றாள் கவிதா.

நிறத்தை எடுத்துவிட்டால் குங்குமம் ஒரு கறுப்புப் புள்ளி. அவர்கள் காட்டிய பெண்கள் எல்லோருக்கும் அது இருந்தது. ஆண்கள் ஒருவருக்கும் இல்லை. அதற்கு மேல் கண், மூக்கு என்று வலை எதற்குக் கஷ்டப்பட்டுக் கற்க வேண்டும்? உறுதி செய்துகொள்ள என் நெற்றியில் சரோஜாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிப் படம் எடுத்தார்கள். FEMALE. என் மீசையை அது சட்டையே செய்யவில்லை.

பிறகு ஸ்வாதி, பாக்கியத்தின் படத்தைத் திறந்து, மௌஸால் நெற்றியில் ஒரு புள்ளி வைத்தாள். உடனே FEMALE என்று மாறியது. கவிதா அந்தப் புள்ளியை அழித்துவிட்டு, சேமிக்காமல் மூடினாள்.

ஸ்வாதி நடைமுறை தெரிந்த பெண். “மார்க் கிடைச்ச மாதிரிதான். வெளியிலருந்து வர்ற எக்ஸாமினர் நம்ம படங்களைத்தான் பாப்பார். விடு” என்று இந்தியில் சொன்னாள்.

“அத்தை தப்பா வந்தா ப்ராஜெக்டே தப்பு” என்று கவிதா சொன்னாள். அதைத் தமிழில் சொன்னாள். ஸ்வாதிக்குப் புரிந்திருக்க வேண்டும்.

6

மறுபடி படங்கள் சேர்க்க வேண்டும். பொட்டு வைத்த ஆண்கள் வேண்டும், பொட்டில்லாத பெண்கள் வேண்டும். ஆண்கள் பிரச்சினையே இல்லை. ஸ்டிக்கர் அட்டையோடு இருவரும் படியேறி இறங்கினார்கள். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்டார்.

பெண்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கல்லூரித் தோழிகள் சிலர் கிடைத்தார்கள், அது போதாது. “பொட்டை அழிச்சிட்டு நிக்கவா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா?” என்று எங்கள் தமிழ்ப் பெண்கள் கதவிலேயே மறுத்தார்கள். காகூவும்கூட, “வேற எதுவும் கேள் பேட்டா” என்றார். சரோஜாவிடம் கேட்டதற்கு அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளைக் கேட்க வாய் வரவில்லை. மார்ச் பிறந்துவிட்டது. கவிதா சாப்பிடாமல் தட்டில் விரலால் அளைந்துகொண்டிருந்தாள்.

“என்னட்டி, சோத்துல கோலம் போடுத?” என்று பாக்கியம் கேட்டாள்.

கவிதா எல்லாவற்றையும் சொன்னாள். அத்தையிடம் இதைச் சொல்ல அவள் இத்தனை நாளும் தயங்கியிருக்கிறாள். அதனால் இப்போது இந்தியும் ஆங்கிலமும் கலந்து அவசர அவசரமாகக் கொட்டினாள். பாக்கியம் நடுவில் நிறுத்தினாள்.

“பொறு, பொறு. அப்பம் அது என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. நெத்தியத்தான் பாத்திருக்கு.”

“ஆமா அத்தை.”

“நான் என்னமோ என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் அப்படிச் சொல்லுதுன்னுல்லா நெனச்சேன்.” கொஞ்ச நேரம் ரசப் பாத்திரத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு சரோஜாவைப் பார்த்தாள். “மதினி, அழிக்கத்தானே எல்லாரும் மாட்டேங்காக? காலையில குளிச்சிட்டு வந்து, வைக்கதுக்கு முன்ன ஒரு நிமிஷம் எல்லாருக்கும் வெறும் நெத்திதானே? அப்ப எடுத்தா யாரும் எதையும் அழிக்க வேண்டாமே.”

சரோஜா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

“அந்நேரத்துக்கு இந்தப் பிள்ளைக எப்படி வீடு வீடாப் போகும்? காலேஜ் பஸ் இருக்கே” என்றேன்.

“நான் போறேன்” என்றாள் பாக்கியம்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்ததும் யார் முகத்தில் விழிப்பது என்று நம்மவர்கள் பார்ப்பது உண்டு. மராத்தியர்களும் பார்ப்பவர்கள்தான். கணவர் இறந்த இந்த இரண்டு வருடமும் பாக்கியம் பால் வாங்கக்கூட எட்டு மணிக்கு மேல்தான் கீழே இறங்குவாள். எதிரில் வருபவர்களுக்கு எதற்குச் சங்கடம் என்று நினைப்பாள் போல. இப்போது அவளே காலை நேரத்தில் போய்க் கதவைத் தட்டுவேன் என்கிறாள். யாராவது முகத்தில் அடித்தாற்போல் கதவை மூடினால், அதோடு அவள் எந்தக் காலத்திலும் வெளியே வரமாட்டாள் என்று பயந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சரோஜா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

மறுநாள் காலை சரோஜா குளித்து, தலையில் துண்டோடு நேராக ஹாலுக்கு வந்தாள். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருடத்தில், குளியலறையிலிருந்து கண்ணாடி வரை போகும் தூரத்தைத் தவிர, நான் அவளைப் பொட்டில்லாமல் பார்த்ததில்லை. சுவரோரம் நின்று, “எடு பாக்கியம்” என்றாள். பாக்கியம் எடுத்த முதல் படம் ஆடிப்போய்விட்டது. “மதினி, ஹலு நகா” என்றாள். ஸ்வாதி சொல்லிக் கேட்டு வைத்திருக்கிறாள்!

அடுத்தது காகூ வீடு. நான் மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டேன். பாக்கியம் மணியை அடித்தாள். கதவு திறந்தது. காகூ ஈரத் தலையோடு நின்றார். பாக்கியம் கேமராவைத் தூக்கிக் காட்டினாள். பிறகு “யா, யா, ஆத் யா” என்று குரல் கேட்டது. வாருங்கள், உள்ளே வாருங்கள் என்று அர்த்தம். பாக்கியத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனார். திரும்பி வரும்போது பாக்கியம் கையில் கேமராவோடு ஒரு கிண்ணம் அவல் போஹாவும் இருந்தது.

அந்தப் பத்துப் பதினைந்து நாள்களும் காலையில் வீட்டில் பாக்கியம் இருக்க மாட்டாள். சரோஜா முன்கூட்டியே போனில் சொல்லி வைப்பாள், காகூ தன் பங்குக்கு மராத்தி வீடுகளில் சொல்வார். எல்லோரும் திறந்துவிடவில்லை. நான்காவது மாடித் தமிழ்க் குடும்பத்து அம்மாள் கிரில் கதவுக்குப் பின்னால் நின்று, “அப்புறமா வாங்களேன்” என்று சொல்லிவிட்டாராம்.

“ஏனாம்?” என்று கேட்டேன்.

“குளிக்கலையாம்” என்றாள் பாக்கியம். “தலையெல்லாம் ஈரமாத்தான் இருந்துது.” அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

7

அவள் எடுத்த படங்களையும் சேர்த்து வலை திரும்பவும் முதலிலிருந்து கற்றது. இம்முறை நெற்றியைப் பார்த்துத் தப்பிக்க அதற்கு வழியில்லை. முன்னைவிட மெதுவாகத் தேறியது. தவறுகளும் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல். பேராசிரியர் முகம் சுளித்தாராம். பாக்கியத்தின் படத்தை மட்டும் கவிதா கற்பிக்கக் கொடுக்கவில்லை. அதைக் கடைசிப் பரீட்சைக்கு வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் கூப்பிட்டாள். ஸ்வாதி வந்திருந்தாள். பாக்கியம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தபால்தலை அளவில், சாம்பல் நிறத்தில், வெறும் நெற்றியோடு அவள் முகம் திரையில் இருந்தது. கவிதா பொத்தானை அழுத்தும் முன் என்னைப் பார்த்தாள். மறைத்து வைத்த புள்ளி எதுவும் இல்லை என்று காட்டுவதுபோல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

FEMALE.

ஸ்வாதி கைதட்டினாள். பாக்கியம் குனிந்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். படித்து முடித்ததும் நிமிர்ந்தாள்.

“சரி. இனிமே சிலிண்டர அண்ணனே தூக்கட்டும்” என்றாள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, “அந்தப் பென்ஷன் பாரம் எங்க அண்ணே?” என்று அவளாகவே கேட்டாள். அதே சுவருக்கு முன்னால் கவிதா படம் எடுத்தாள். “பொட்டு வைக்கிறீங்களா அத்தை?” என்று ஸ்டிக்கர் அட்டையை நீட்டியதற்கு, “வேண்டாம். இப்ப எப்படி இருக்கேனோ அப்படியே இருக்கட்டும்” என்றாள். அந்தப் படம்தான் இன்றும் அவளது வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. நேராகப் பார்க்கிறாள். கேமராக்காரி சரியாக எடுக்கிறாளா என்று கண்காணிப்பதுபோல ஒரு பார்வை.

கவிதாவின் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், “முதலில் நன்றாக வந்ததை ஏன் மாற்றினீர்கள்?” என்று கேட்டாராம். ஸ்வாதிதான் பதில் சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று இரண்டு பேரும் இன்றுவரை சொல்லவில்லை. தேறிவிட்டார்கள்.

இப்போது பாக்கியம் சில நாள் பொட்டு வைக்கிறாள், சில நாள் வைப்பதில்லை. யாரும் கேட்பதில்லை. சங்கராந்திக்குக் காகூ அவளை அழைக்கிறார். ஒரு வருடம் போனாள், மறுவருடம் முழங்கால் வலி என்று போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். புதிய கேமரா முகத்தைக் கண்டுபிடிக்கும் முறை தாங்கள் செய்ததல்ல, வேறு வழி என்று கவிதா சொன்னாள். விளக்கச் சொன்னேன். பாதி இந்தியில் விளக்கினாள். இம்முறை எனக்குச் சரியாகப் புரியவில்லை, அவளுக்கும் விமானத்துக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும் முன் எல்லோரையும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றாள். வழக்கம்போலப் பாக்கியம்தான் கேமராவைப் பிடித்தாள். திரையைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினாள்.

“மருமகப் பிள்ளைக்குக் கட்டம் விழல. நிமிரச் சொல்லுட்டி.”

மருமகன் நிமிர்ந்தார். “இப்ப எல்லாருக்கும் வந்தாச்சு” என்றாள்.

“உங்களுக்கு அத்தை?” என்று எழுந்து போய், கவிதா கேமராவை வாங்கி, தானாகவே எடுக்கும்படி முடுக்கி, ஷோகேஸ் மேல் வைத்தாள். அதன் முன்பக்கத்தில் சின்ன விளக்கு மினுக்கத் தொடங்கியது. பாக்கியம் வேகமாக வந்து சரோஜாவுக்கும் எனக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரை எங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. யார் முகத்தில் கட்டம் விழுகிறது என்று எங்களில் ஒருவராலும் பார்க்க முடியாது. மருமகன் எட்டிப் பார்க்க எழப்போனார்.

“ஹலு நகா” என்றாள் பாக்கியம், எல்லோருக்கும் பொதுவாக.